களனிப் பாலத்தை உரித்துப் பார்த்த கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரிக்கு ஆறு என்றால் சமூகக்கல்விப் புத்தகத்தில் நீல மையில் ஓடும் ஒரு கோடு. எங்களுக்குக் கிணறு உண்டு, கடல் உண்டு, மாரியில் மட்டும் உயிர் வந்துபோகும் வழுக்கையாறு உண்டு. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு குடாநாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே எங்களுக்குப் பாலம் வேண்டியது கடலைத் தாண்டத்தான். அதையும் பெரும்பாலும் கல்லையும் மண்ணையும் கொட்டித் தாம்போதி போட்டே தாண்டிவிட்டோம். நான் பார்த்த பெரிய பாலம் 2011 ஜனவரியில் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். 288 மீற்றர். உருக்குச் சட்டங்களைக் கால்களின்மேல் வரிசையாக வைத்துப் பூட்டிய, எந்தப் பகட்டும் இல்லாத பாலம். அதிலேயே கைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினவள் நான்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பேலியகொடையில் விட்டால் என்ன ஆகும்?

கொழும்பு இரவு பஸ்ஸில் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எல்லாம் நித்திரையில் கழிந்துவிடும். பேலியகொடைக்குக் கிட்ட வரத்தான் கண் விழிப்போம். விழித்தால் எதிரே வெளிச்சம் பூசிய கோபுரங்கள், அவற்றிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பிகள், கீழே இருட்டாய்க் களனி ஆறு. பக்கத்துச் சீற்றில் இருந்த ஐயா பையைத் தேடிக்கொண்டிருந்தார். பத்துத் தரம் பார்த்தவர் போல. எனக்கோ அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. ஐயா, அங்கை பாருங்கோ, கம்பியிலை றோட்டு!

புதிய களனிப் பாலம். அரசாங்கம் வைத்த பெயரில் கல்யாணியும் தங்க நுழைவாயிலும் வரும். சனம் புதுப் பாலம் என்றுதான் சொல்கிறது. 2021 நவம்பர் 24 இல் திறந்தார்கள். பிரதான பாலம் 380 மீற்றர், ஆறு தடங்கள், கடன் கொடுத்தது ஜப்பான். கம்பிகளோடு நிற்கும் அந்தப் பிரதான பகுதியைக் கட்டியதும் ஜப்பானின் சுமித்தோமோ மித்சுயி கட்டுமானக் கம்பனி. காரணம் எளிது. 2013 இல் கட்டுநாயக்க அதிவேக வீதி திறந்ததும், விமான நிலையத்திலிருந்து பறந்து வந்த வாகனமெல்லாம் ஆற்றங்கரையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமாக்கள் அந்த வீதியில் ஓடிவந்த அரை மணித்தியாலத்தைவிடக் கடைசித் துண்டில் நின்ற நேரந்தான் கூட. அந்த அடைப்பை எடுக்க வந்த பாலம் இது.

இந்த ஆற்றைக் கடக்கக் கொழும்பு எப்போதும் பாடுபட்டிருக்கிறது. 1822 இல் ஆங்கிலேயர் படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பரப்பிப் பாலம் போட்டார்கள். 1895 இல்தான் இரும்பில் விக்ரோறியாப் பாலம் வந்தது. அதற்கும் வெகு முந்திய போக்குவரத்து ஒன்றை மகாவம்சம் சொல்கிறது. நாகதீபத்தில் அரசர்களின் சண்டையைத் தீர்க்க வந்த புத்தரை, மணிஅக்கிகன் என்ற நாக அரசன் தன் கல்யாணி நாட்டுக்கு அழைத்தானாம். நாகதீபம் என்று சொல்லப்படும் எங்கள் நயினாதீவிலிருந்து, கல்யாணி என்ற களனிக்கு ஒரு அழைப்பு! ஆனால் அவர் வான் வழியே வந்ததாகக் கதை. பேலியகொடை நெரிசலில் அவர் மாட்டவில்லை.

சரி, உள்ளே போவோம். எனக்கு வழிகாட்டி கிடைத்தது தற்செயல். எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த பெடியன், கிளிநொச்சி அறிவியல் நகரில் எஞ்சினியரிங் படித்தவன், வளைகுடா நாடொன்றில் கேபிள் பாலம் ஒன்றில் வேலை செய்துவிட்டு இப்போது கொழும்பில் நிற்கிறான். களனிப் பாலத்தில் அவன் வேலை செய்யவில்லை. ஆனால் அதைப் பார்த்தால் அதன் ஈரல் குடல் எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. காரில் ஏற்றிக்கொண்டு போகும்போதே என் ஆனந்தத்தில் மண்ணைப் போட்டான்.

"அக்கா, இது முழுக் கேபிள் பாலம் இல்லை."

"என்னடா தம்பி, கேபிள் கண்ணுக்கு முன்னாலை தொங்குதே!"

"முதல் விசயம், தொங்கேல்லை. இழுத்துக்கொண்டு நிக்குது. ரெண்டாவது, கோபுரத்தின்ரை உயரத்தைப் பாருங்கோ."

பார்த்தேன். கட்டை. உண்மைதான், கட்டையாகத்தான் இருக்கின்றன. பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் வானத்தை முட்டினவை, காரிலிருந்து பகலில் பார்த்தால் அடக்கமாக நின்றன.

அவன் சொன்ன கணக்கு இது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள வெளியைப் பாலத்தின் கண் என்போம். களனியில் நடுக்கண் 180 மீற்றர். வழக்கமான கேபிள் பாலத்தில் தளத்துக்கு மேலே எழும் கோபுரம் நடுக்கண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரம் இருக்கும். அப்படியென்றால் 36 மீற்றர். களனி மாதிரியான வகையில் எட்டில் ஒன்று தொடக்கம் பன்னிரண்டில் ஒன்று வரை போதும். 1988 இல் பிரெஞ்சு எஞ்சினியர் ஜாக் மத்திவா முன்வைத்த யோசனை. பெயர் எக்ஸ்ராடோஸ்ட். சாதாரண கொங்கிறீற் பாலத்தின் வயிற்றுக்குள் புதைத்து வைக்கிற இழுவிசைக் கம்பிகளை வெளியே எடுத்து, ஒரு குட்டிக் கோபுரத்தின் மேலால் போட்டு இழுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். பிரான்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது, ஜப்பான் கட்டிவிட்டது. 1994 இல் ஒடவாராவில் நின்றதுதான் இந்த வகையின் முதல் பாலம். பிறகு ஜப்பானியர் இதைத் தங்கள் சொந்தச் சரக்காகவே ஆக்கிக்கொண்டார்கள். கடனோடு சேர்ந்து அந்தக் கைவண்ணமும் களனிக்கு வந்து சேர்ந்தது.

இந்த வகையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தளம் தானே சுமக்கிறது. கேபிள் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், 180 மீற்றருக்கு வானளாவ எழும்பத் தேவையே இல்லை. நவீன கேபிள் பாலங்களில் மூத்தது என்று சொல்லப்படும் பாலம் 1950-களின் நடுப்பகுதியில் சுவீடனில், ஸ்ட்றோம்சுண்ட் என்ற வடபுலச் சிற்றூரில் எழுந்தது. அதன் நடுக்கண் 182 மீற்றர். எங்களதைவிட இரண்டே மீற்றர் அதிகம்! மறுபக்கம், 2025 இல் சீனாவில் யாங்சி ஆற்றின்மேல் திறந்த சாங்தாய் பாலத்தின் நடுக்கண் 1208 மீற்றர். அந்தத் தூரத்துக்குத்தான் ராட்சதக் கோபுரம் வேண்டும். களனியில் அது வெறும் பவுசு. (பவுசுக்குக் கொழும்பில் தாமரைக் கோபுரம் ஏற்கனவே நிற்கிறது.)

இப்போதுதான் உரிக்கும் கட்டம் வருகிறது. ஆற்றங்கரையில் காரை நிறுத்தி, பின் சீற்றிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே அரை அடி நீளத்தில் கறுப்புக் குழாய் மாதிரி ஒன்று.

"பிடியுங்கோ. கேபிளின்ரை குஞ்சு."

வேலைத்தலத்தில் வெட்டி எறிந்த துண்டாம், நினைவுக்கு எடுத்து வைத்திருக்கிறான். கைவிரல் மொத்தம்தான் இருக்கும். கத்தியால் மேல் தோலைக் கீறினான். தடித்த பொலித்தீன் தோல். அதற்குள்ளே கைக்கு ஒட்டும் மெழுகு. மெழுகைத் துடைத்தால் நாகம் பூசிய உருக்குக் கம்பிகள், ஏழு. நடுவில் ஒன்று நேராக, ஆறு அதைச் சுற்றிப் பின்னி. நடுக்கம்பி மற்ற ஆறையும்விட ஒரு சொட்டு மொத்தம். அப்போதுதான் சுற்றி வரும் ஆறும் அதை இறுகப் பிடிக்குமாம். இதுதான் ஒரு இழை. விட்டம் 15.7 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் நீளம் எடுத்தால் ஒன்றேகால் கிலோ வரும். அறுப்பதற்கு எவ்வளவு இழுக்கவேண்டும் தெரியுமா? ஏறக்குறைய 28 தொன்! நான் முதல்நாள் வந்த பஸ்ஸை, சனத்தோடும் மேலே கட்டியிருந்த முருங்கைக்காய் மூட்டைகளோடும், இந்த ஒற்றை இழை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வெளியிலிருந்து ஒரு கம்பியாகத் தெரிகிற ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் இப்படியான இழைகள் இருபது முப்பது என்று கிடக்கும். பெரிய பாலங்களில் நூறுவரை போகும். வெளிக்குழாய் வெறும் சட்டை.

இங்கேதான் அந்தக் கட்டைக் கோபுரத்தின் நன்மை எனக்கு விளங்கியது. வழக்கமான கேபிள் பாலத்தில் இழையை அதன் அறுபடும் பலத்தில் 45 வீதத்துக்கு மேல் இழுத்து வைக்க மாட்டார்கள். வாகனம் போகப்போகக் கேபிளில் இழுவை ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் உருக்குக் களைக்கும். களனி வகையில் தளம் தடிப்பமானது, வாகனத்தின் ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். கேபிளுக்கு அலைச்சல் குறைவு. அதனால் 60 வீதம் வரை இழுத்து வைக்கலாம். குறைந்த கம்பியில் கூடிய வேலை.

"சரி, இவ்வளவு இழுக்கிற இழையை நுனியிலை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

தம்பி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலச் சிரித்தான். சேட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்ன உருக்குச் சாமானை எடுத்து என் கையில் வைத்தான். மூன்று துண்டாகப் பிரிகிற கூம்பு. உட்பக்கம் முழுக்க நுண்ணிய பல். பெருவிரல் அளவுதான் நீளம். ஆப்பு! வெறும் ஆப்பு! கனத்த உருக்குக் கட்டை ஒன்றில் கூம்புத் துளைகள் போட்டிருப்பார்கள். இழையை அதனூடாக விட்டு, சுற்றிவர இந்த மூன்று துண்டையும் செருகி விடுவார்கள். இழை பின்னுக்கு இழுத்தால் ஆப்பும் சேர்ந்து துளைக்குள் இறங்கும். இறங்க இறங்க இன்னும் இறுக்கிக் கடிக்கும். வெல்டிங் இல்லை, பசை இல்லை, புரி இல்லை. 380 மீற்றர் பாலத்தையும் பல்லாயிரம் வாகனங்களையும் பார்த்து வாயைப் பிளந்த நான், கடைசியில் அந்தக் குட்டி ஆப்பைப் பார்த்துத்தான் உண்மையிலேயே வாயடைத்துப் போனேன். இரண்டு நிமிடம் கழித்து அதைத் திருப்பிக் கேட்டான். கொடுக்க மனமில்லை.

இழுக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இழைகளை ஒவ்வொன்றாகத்தான் ஜக் போட்டு இழுப்பார்கள். முதல் இழையை இழுத்து வைத்துவிட்டு இரண்டாவதை இழுத்தால் தளம் மயிரளவு மேலே எழும்பும். எழும்பினால் முதல் இழை தளரும். மூன்றாவதை இழுத்தால் முந்திய இரண்டும் தளரும். இப்படியே போனால் ஒரே கேபிளுக்குள் ஒருவர் முறிய வேலை செய்வார், இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் (கந்தோர் நடைமுறைதான்). அதைத் தவிர்க்க முதல் இழையில் விசை காட்டும் கருவி ஒன்றைப் பூட்டி வைப்பார்கள். அடுத்து வரும் ஒவ்வொரு இழையையும் அந்த நேரத்தில் முதல் இழையில் உள்ள விசைக்குச் சமமாகும் வரை மட்டும் இழுப்பார்கள். கடைசி இழை ஏறும்போது எல்லோருக்கும் ஒரே பாரம்.

பிறகு வருடக்கணக்காக அந்த இறுக்கம் அப்படியே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கேபிளில் அதிர்வு அளக்கும் கருவியைக் கட்டி, அது செக்கனுக்கு எத்தனை தரம் துடிக்கிறது என்று எடுப்பார்கள். நீளமும் எடையும் தெரிந்த கம்பியின் துடிப்புத் தெரிந்தால் இழுவையைக் கணக்கில் எடுத்துவிடலாம். வீணைத் தந்திக்கும் இதே சூத்திரம்தான். நான் உடனே, "அப்ப களனி என்ன சுருதி?" என்று கேட்டேன். காதுக்குக் கேட்கிற அளவுக்குக் கேபிள் வேகமாகத் துடிக்காது என்று எஞ்சினியர் முகத்தோடு பதில் வந்தது.

ஆனால் கேபிள் ஆடும். அதுவும் மழையில்! காற்று மட்டும் அடித்தால் பேசாமல் நிற்கிற கேபிள், காற்றோடு சிறு மழையும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிய ஆடத் தொடங்கும். 1980-களில் ஜப்பானின் நகோயாவில் மெய்கோ நிஷி பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் இதை ஊன்றிக் கவனித்தார்கள். குழாயின் மேல் வழிகிற மழைநீர் மெல்லிய ஓடையாகிக் குழாயின் உருவத்தையே காற்றுக்கு மாற்றிக் காட்டுகிறதாம். மருந்து என்ன? குழாயின் மேல் மெல்லிய வரம்பு ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஏற்றிவிடுவது. நீர் ஓடையாகச் சேர முன்னமே சிதறிவிடும். இவ்வளவு பெரிய நடுக்கத்துக்கு ஒரு மெல்லிய வரம்பு! அடுத்தமுறை ஏதாவது கேபிள் பாலத்துக்குக் கிட்டப் போனால் குழாயின் தோலை உற்றுப் பாருங்கள்.

மழை இப்படியென்றால் பனி வேறு மாதிரி. வன்கூவரில் இருக்கும் எங்கள் சனத்திடம் போர்ட் மான் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள். 288 கேபிள்கள். (சங்குப்பிட்டியின் மீற்றர்க் கணக்கும் அதேதான், இந்தப் பொருத்தத்தில் எனக்கு ஏனோ சந்தோசம்.) 2012 டிசம்பரில் திறந்து மூன்று கிழமை ஆக முன்னம், கேபிள்களில் உறைந்த பனி கட்டிகட்டியாகக் கழன்று கீழே போன கார்களின் கண்ணாடிகளை உடைத்தது. இப்போது சங்கிலி வளையங்களைக் கோபுர உச்சியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பனி பிடித்தால் ஆட்கள் மேலேறி வளையத்தை அவிழ்த்து விடுவார்கள். அது கேபிள் வழியே சறுக்கி இறங்கிப் பனியை வழித்துக்கொண்டு வரும். கோடிக்கணக்கான டொலர்ப் பாலம், கடைசியில் சங்கிலி!

தம்பி கொஞ்சம் குரலை மாற்றிச் சொன்ன கதை ஜெனோவாவினுடையது. 1967 இல் திறந்த இத்தாலியப் பாலம், அந்தக் காலத்து அதிசயம். அதன் கேபிள்களைத் துரு பிடிக்காமல் இருக்கக் கொங்கிறீற்றால் பூசி மூடினார்கள். மூடியதால் உள்ளே துரு தின்றது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று, மழைக் காலையில், பாலத்தின் ஒரு பகுதி விழுந்து 43 பேர் செத்தார்கள். என் கையில் இருந்த அந்த அரை அடித் துண்டின் தோலும் மெழுகும் நாகப் பூச்சும் ஏன் என்பது அப்போது விளங்கியது. இன்றைய முறையில் ஒரு இழை பழுதென்றால் அதை மட்டும் உருவி எடுத்துப் புதிதைச் செருகலாம், பாலத்தை மூடாமலே.

எங்கள் நாட்டில் பாலத்துக்கு வரும் ஆபத்து வேறு திசையிலும் வரும். 2023 இல் அப்போதைய போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சரே, இந்தப் பாலத்தின் ஆணிகளும் உலோகச் சாமான்களும் கோடிக்கணக்கான ரூபாய்க்குக் களவு போய்விட்டதாகச் சொன்னார். பழைய இரும்பு விலை ஏறிய, வயிறு காய்ந்த காலம். எத்தனையோ கணக்குப் போட்டுக் கட்டினவர்கள், காற்றைக் கணக்கில் எடுத்தார்கள், பூமியதிர்ச்சியை எடுத்தார்கள், ஸ்பனரோடு வருகிற மனிசனை எடுக்கவில்லை. கேபிள் ஆப்புகளை மட்டும் யாரும் தொட்டிருக்க முடியாது. முழு இழுவையில் நிற்கிற ஆப்பைக் கையால் கழற்ற நினைக்கிறவனுக்குக் களவைவிடப் பெரிய பிரச்சினைகள் வரும்.

கடைசியாகப் பாலத்துக்கு மேலால் ஒருமுறை ஓட்டினான். "கதையாதேங்கோ, காதைக் குடுங்கோ" என்றான். நிறுத்த முடியாது, ஆனால் நிறுத்தாமலே பாலம் பேசுகிறது. ஏறும் இடத்தில் சக்கரத்துக்கடியில் ஒரு "டடக்". அது பாலம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளி. கொழும்பு வெயிலில் 380 மீற்றர் கொங்கிறீற் சென்றிமீற்றர் கணக்கில் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் தானே இடம் எடுத்துக்கொள்ளும். பிறகு கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக யன்னலில் வெட்டி வெட்டிப் போகும். நடுவில், ஆற்றுக்கு நேர் மேலே, எந்த அடையாளமும் இல்லாத ஒரு இடம் இருக்கிறது. இரண்டு பக்கக் கோபுரங்களிலிருந்தும் துண்டு துண்டாக வளர்ந்து வரும் தளங்கள் இந்த வகைப் பாலங்களில் சந்திப்பது அங்கேதான். வெயிலில் கொங்கிறீற் நெளியும் என்பதால் இப்படியான கடைசி இடைவெளியைச் சூடு தணிந்த நேரம் பார்த்து, இரண்டு நுனியையும் உருக்குச் சட்டத்தால் பூட்டி வைத்துத்தான் நிரப்புவார்கள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க முன்னம் அடுத்த "டடக்" வந்துவிட்டது.

இறங்கி மீன் சந்தைப் பக்கம் தேத்தண்ணி குடித்தோம். யாழ்ப்பாணத்து மீனும் விடிய விடிய வந்து இறங்குகிற இடம்; ஐஸ் தண்ணி வழிந்தோடிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று கட்டினால் எங்கே கட்டலாம் என்று மனதுக்குள் கோபுரம் நட்டுக்கொண்டிருந்தேன். பண்ணையிலா, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கா? கேட்டும் விட்டேன்.

தம்பி பிளேன்ரீயை ஊதினான். "அக்கா, எங்கடை பரவைக்கடலுக்கு உவ்வளவு பெரிய கண் தேவையில்லை. ஆழம் குறைவு, கிட்டக் கிட்டத் தூண் நடலாம். உப்புக் காத்திலை கேபிளைப் பராமரிக்கிற செலவிலை ரெண்டு சாதாரணப் பாலம் கட்டலாம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலை சனம் இன்னும் மிதவைப் பாதையிலை ஏறித்தானே போகுது. அக்கரை கண்ணுக்குத் தெரியுது. முதல் அதுக்கொரு பாலம் கேளுங்கோ. கம்பி இல்லாட்டியும் பரவாயில்லை."